பல்லைத் தேய்ப்பதா, விளக்குவதா?

மனிதனுக்குப் பல் இரண்டு முறைதான் முளைக்கிறது. பாற்பல் விழுந்தபின் வரும் பல் கடைசி மூச்சுவரை கூட வரவேண்டிய பல். அது சொத்தையாகிக் கெடுவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். சொத்தையே இல்லாத பல் தேய்ந்து போவதை மட்டும் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையோர ஊர்களில் பல் மருத்துவனாக இருந்து நான் அதிகம் பார்த்தது இந்தத் தேய்மானத்தைத்தான். இதில் பெரும்பகுதி தடுக்கக் கூடியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பல்லின் மேலோடு

பல்லின் மேலே வெள்ளையாகத் தெரிவது எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். எடையில் சுமார் 96 விழுக்காடு தாது உப்பு. கடைவாய்ப் பல்லின் முகட்டில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் கனம். ஈறை நெருங்க நெருங்க மெலிந்துவிடும். எனாமலை உண்டாக்கும் அணுக்கள் பல் வெளியே முளைத்ததும் அழிந்துவிடுகின்றன. ஆகவே எலும்பு முறிந்தால் கூடும், தோல் கீறினால் ஆறும். தேய்ந்த எனாமல் மட்டும் திரும்ப வளராது.

எனாமலுக்கு அடியில் இருப்பது டென்டின். மஞ்சள் நிறம், மென்மையானது. அதில் நரம்பை நோக்கிப் போகும் நுண்குழாய்கள் உண்டு. மேலோடு போனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே சுரீர் என்கிறது.

உமிக்கரியின் கதை

1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உமிக்கரி மட்டும் ஒன்றாகவே இருந்தது. நெல் உமியைக் கருக்கி, உப்பும் நல்லமிளகும் சேர்த்துப் பொடித்து, விரலால் பல்லில் தேய்ப்பார்கள். "உமிக்கரி போட்டுத் தேச்சாத்தான் மக்களே பல்லு வெளுக்கும்" என்பது பாட்டிமார் சொல்.

வெளுக்கும் என்பது உண்மை. எப்படி வெளுக்கிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். உமியில் சிலிக்கா உண்டு. முழுதாக எரித்த உமிச் சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை அதுதான். உமி கரியானாலும் அந்தச் சிலிக்கா போகாது. மணல்தாளால் மரத்தை இழைப்பதுபோல அது கறையையும் எடுக்கும், கறைக்கு அடியில் உள்ளதையும் எடுக்கும். நாற்பது ஆண்டு தேய்த்தவர் பல்லில், ஈறை ஒட்டிக் கோடாலியால் கொத்தினதுபோல் ஒரு பள்ளம் தெரியும்.

பற்பசையிலும் சிலிக்கா உண்டே என்று கேட்கலாம். உண்டு. ஆனால் அது நுண்ணியது; எவ்வளவு உராயலாம் என்பதற்கு அளவுகோல் இருக்கிறது. கையால் பொடித்த கரிக்கு அப்படி ஒன்றும் இல்லை. இப்போது கரிப் பற்பொடி அழகான டப்பாவில் வருகிறது. விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் ஊர் நினைவாக வாங்கிப் போகிறார்கள். 2017-இல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு, கரி கலந்த பற்பசை, பற்பொடிகள் பயனுள்ளவை, பாதுகாப்பானவை என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றே முடிவு சொன்னது.

புளிப்பும் கடிப்பும்

உராய்வு மட்டுமே காரணமல்ல. வாயின் அமில நிலை பி.எச். 5.5 அளவுக்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு, கோலா பானங்கள் எல்லாம் இதற்கு வெகு கீழே. நாரங்கா சோடாவை மெல்ல மெல்ல உறிஞ்சுவது, உப்புத் தொட்ட பச்சைமாங்காயை நாள் முழுக்கக் கடிப்பது இவை பல்லை இளக்கும். இளகிய பல்லில் உடனே பிரஷ் போட்டால் தேய்மானம் இரட்டிப்பு. தயிரும் மோரும் புளித்தாலும் அவற்றிலுள்ள கால்சியம் பல்லைக் காக்கிறது. தீராத நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு வயிற்று அமிலம் மேலே வந்து முன்பல்லின் உட்புறத்தைக் கரைக்கும். இரவில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்குப் பல் முனைகள் தட்டையாகிவிடும். வெற்றிலை பாக்குக்கும் இதில் பங்குண்டு. பாக்கு வாய்ப்புற்றுநோயையும் கொண்டுவரும்.

மருத்துவம்

"பல்லு புளிக்குது சாரே, பிடுங்கி விட்டுருங்க" என்று வருவார்கள். தமிழில் நாம் கூச்சம் என்பதை மலையாளத்தில் புளிப்பு என்பார்கள். எல்லையில் இரண்டும் கலந்துவிட்டது. வெளியூரிலிருந்து பெற்றோரை இங்கே மருத்துவமனைக்கு அழைத்துவருவோர் இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். பிடுங்கத் தேவையே இல்லாத பல் எத்தனையோ. தொடக்கத்தில் பொட்டாசியம் நைட்ரேட் உள்ள பற்பசையும் ஃப்ளோரைடு பூச்சும் போதும். பள்ளம் விழுந்திருந்தால் பல் நிறத்திலேயே அடைக்கலாம். நரம்புவரை போயிருந்தால்தான் வேர்ச் சிகிச்சையும் உறையும். இரவில் கடிப்பவருக்கு உறங்கும்போது மாட்டிக்கொள்ளும் காப்பு உண்டு. பல் போனவர்களில் 60 வயது கடந்த ஏழைகளுக்காகக் கேரள அரசு கொண்டுவந்த 'மந்தஹாசம்' என்ற பல்செட் திட்டம் நல்ல திட்டம். ஆனாலும் தேய்ந்த சொந்தப் பல்லுக்குச் செட்டுப் பல் ஈடாகாது.

வீட்டில் செய்ய வேண்டியவை

மென்மையான பிரஷ், பட்டாணி அளவு ஃப்ளோரைடு பற்பசை, காலையும் இரவும் இரண்டு நிமிடம். பேனா பிடிப்பதுபோல் பிரஷைப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும். புளிப்பு சாப்பிட்டால் உடனே தண்ணீரில் கொப்பளியுங்கள்; அரைமணி நேரம் கழித்தே பிரஷ். நெஞ்செரிச்சலுக்குத் தனியே மருத்துவம் பாருங்கள். ஆண்டுக்கொரு முறை பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழையதெல்லாம் தள்ள வேண்டியதில்லை. உண்டபின் வாய் கொப்பளிப்பது, ஈர்க்கிலால் நாக்கு வழிப்பது நல்ல பழக்கங்கள்; பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். தமிழில் பல் விளக்குதல் என்றொரு சொல் இருக்கிறது. எல்லையில் வாழும் நாம் மலையாளத்தோடு சேர்ந்து பல் தேய்த்தல் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சொல் எதுவானாலும் சரி, செய்வது விளக்குதலாக இருக்கட்டும்.