போர்ஹேர்ட்: 26 வயதில் முடிந்த எழுத்து

ஜேர்மனியப் பாடசாலைகளில் பயிலும் நம் பிள்ளைகள் பலர் வொல்ப்காங் போர்ஹேர்ட்டின் சிறுகதை ஒன்றையேனும் வகுப்பில் படித்திருப்பர். பெற்றோராகிய நம்மில் பலர் அவர் பெயரையும் அறியோம்.

1921இல் ஹம்பேர்க் நகரில் பிறந்த அவர் பதின்ம வயதிலேயே கவிதை எழுதினார். சில மாதங்கள் நாடக நடிகராயிருந்தவரை 1941இல் இராணுவத்திற் சேர்த்து ருஷ்யப் போர்முனைக்கு அனுப்பினர். இடக்கை விரலொன்றை இழந்தபோது, தாமே சுட்டுக்கொண்டார் என வழக்குத் தொடுத்தனர். அதில் விடுதலை பெற்றாலும், ஆட்சியைப் பழித்த கடிதங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். பின்னர் அமைச்சர் கோயபல்சைப் போல நடித்துக் காட்டியதற்கும் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை!

1945இல் பிரெஞ்சுப் படையினரிடமிருந்து தப்பி, சுமார் 600 கிலோமீற்றர் நடந்து வீடு சேர்ந்தார். ஈரல் நோயோடு படுக்கையிற் கிடந்த இரண்டு ஆண்டுகளிலேயே அவருடைய சிறந்த கதைகள் பிறந்தன. கவிதைகளிலும் அவையே மேலானவை என்பது நம் கருத்து.

'பாண்' என்ற கதையைப் பாருங்கள். பஞ்சகாலம். 39 ஆண்டுகள் கூடி வாழ்ந்த கிழவர், நள்ளிரவில் மனைவி அறியாமல் பாண் வெட்டித் தின்கிறார். அவளோ கண்டும் காணாதவள் போலிருக்கிறாள். மறுநாள் மாலை தன் பங்கில் ஒரு துண்டை அவர் பக்கம் நகர்த்தி, தனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை என்கிறாள். முகாமில் உணவுப்பொதிக்கு வரிசையில் நின்றவர்க்கு இக்கதைக்கு உரை வேண்டியதில்லை.

போரிலிருந்து திரும்பியவனுக்கு எல்லாக் கதவும் அடைபடுவதைச் சொல்லும் அவரது நாடகம், 1947 பெப்ரவரியில் வானொலியில் ஒலித்தது. ஹம்பேர்க் மேடையில் அது அரங்கேறியது நவம்பர் 21இல். அதற்கு முதல்நாள், சிகிச்சைக்காகச் சென்றிருந்த சுவிஸ் நகரான பாசலில் அவர் காலமானார்.