தெஃபிலின்: காப்போ, நினைவுக்குறியோ?

யூதர் காலை வழிபாட்டில் கையினும் தலையினும் கட்டிக்கொள்ளும் கருநிறத் தோற்பேழைகள் இரண்டும் தெஃபிலின் எனப்படும். தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு இதனை உபாகமத்தில் 'ஞாபகக்குறி' என்றும், மத்தேயு நற்செய்தியில் 'காப்புநாடா' என்றும் வழங்கும். பின்னது, காவற்பொருள் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. காப்பு என்றவுடன் நமக்கு ஐம்படைத் தாலி நினைவுக்கு வரும். தெஃபிலினும் அத்தகையதுதானா என்பது ஈண்டு ஆராயற்பாலது.

இதற்குரிய கட்டளை யாத்திராகமம் 13ஆம் அதிகாரத்தில் ஈரிடத்தும், உபாகமம் 6, 11ஆம் அதிகாரங்களில் ஓரோரிடத்தும் உள்ளது. இறைவன் ஒருவனே என்பதனையும், எகிப்தினின்று அவன் மீட்டமையையும் கையில் அடையாளமாகவும், கண்களுக்கு நடுவே 'தோதாபோத்'தாகவும் கொள்ளுக என்பது கருத்து. தோதாபோத் என்பதன் பொருள் பண்டே மயங்கிற்று. அகீபா என்னும் ஆசான் அதனை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு கூறும் ஓர் அயல்மொழியில் இரண்டெனப் பொருள்படும், கூட்ட நான்காம் என்றாராகத் தால்முத் கூறும். தலைப்பேழை நான்கு அறைகள் உடைத்தாதற்கு அவர் காட்டிய சான்று இது. நடைமுறை முந்தியது, சொல்விளக்கம் பிந்தியது என்றே கொள்ளத் தோன்றுகிறது. யாத்திராகமம் 13:9இல் அச்சொல்லுக்குரிய இடத்தில் நினைவு எனப் பொருள்படும் சொல் நிற்கின்றது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனைத் துணைக்கொண்டனர் போலும்.

பேழையினுள் இந்நான்கு பகுதிகளும் தோலேட்டில் எழுதப்பட்டிருக்கும். கைப்பேழையில் ஓரேடு, தலைப்பேழையில் அறைக்கு ஒன்றாக நான்கு. இரண்டிலும் கூடி 3,188 எழுத்துகள். ஓரெழுத்து விடுபடினும் ஏடு தகுதியிழக்கும். வரிசை பிறழாது எழுதல் வேண்டுமாதலின் விடுபட்டதைப் பின்னர்ச் சேர்த்தலும் ஆகாது. ஏடெழுதுவோர் வழுக்களால் இடர்ப்படும் பதிப்பாசிரியர் இவ்விதி கண்டு பொறாமை கொள்வர்.

13 அகவை நிரம்பிய ஆடவர் இதனை அணிதல் மரபு. அண்மைக் காலத்தில் சில பிரிவுகளில் பெண்டிரும் அணிகின்றனர். கைப்பேழை இடக்கையின் மேற்புயத்தில் நெஞ்சை நோக்கி அமையும். இடக்கைப் பழக்கமுடையோர் வலக்கையில் அணிவர். தோல்வாரை முன்கையில் ஏழு முறை சுற்றித் தலைப்பேழையை முன்மயிர் தொடங்குமிடத்திற்கு மேலே வைப்பர். இறுதியாக, வாரை நடுவிரலில் மும்முறை சுற்றுங்கால், இறைவன் தன் மக்களை மணந்துகொள்வதாக ஓசியா கூறும் சொற்களை ஓதுவர்.

இக்கட்டளை உருவகமே என்றாரும் உளர். 8ஆம் நூற்றாண்டிற்குப் பின் தோன்றிய கராயிதர் பேழை அணிவதில்லை. வியப்பு யாதெனின், அணியும் மரபினரான ரஷ்பாமும் 12ஆம் நூற்றாண்டில் யாத்திராகம அடிக்கு நேர்ப்பொருள் உருவகமே என உரை கண்டமை. அவர்தம் உடன்பிறந்தார் ரப்பேனு தாம், இருவர்க்கும் பாட்டனாராகிய ராஷியின் வரிசைமுறையை மறுத்து, உபாகமப் பகுதிகளிரண்டையும் முன்பின்னாக மாற்றினார். இன்றும் சிலர் இருமுறைப் பேழைகளையும் அணிவர். கும்ரான் குகைகளில் கிடைத்த பழைய ஏடுகள் சிலவற்றிலோ பத்துக் கட்டளைகளும் இடம்பெறுகின்றன. பகுதிகளின் வரையறை அக்காலத்தில் முற்றும் உறுதிப்படவில்லை என்பது இதனாற் போதரும்.

இனிக் காப்பு என்னும் கருத்து. அஃது அறவே இல்லை எனல் பொருந்தாது. உன்னதப்பாட்டின் அரமேயப் பெயர்ப்பு, தெஃபிலினும் கதவுநிலை ஏடும் தீய ஆவிகளைத் தடுப்பனவாகக் கூறும். ஆயினும் ஓய்வுநாளிலும் பெருவிழா நாள்களிலும் தெஃபிலின் அணிதல் இல்லை. அந்நாள்களே இறைவனுக்கும் மக்களுக்கும் இடையிலான அடையாளம் ஆதலின் மற்றோர் அடையாளம் மிகையாம் என்பது விதி. காவலுக்கென அணிவதாயின் அந்நாள்களிற் கழற்றுவதற்குக் காரணம் இல்லை. பாஸ்கா, கூடாரப் பெருவிழா ஆகியவற்றின் இடைநாள்களில் அணிதல் பற்றி வழக்கு வேறுபடும். இசுரவேலில் அணியாமையே பெருவழக்கு. பிற நாடுகளில் அஷ்கனாசியருட் பலர் அணிவர். அவ்விடைநாள்களும் அடையாளமாகுமா என்பதே அங்கு வினா.