மடியில் ஒரு முறம் மொச்சை

நெடுநாள் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்புவோர்க்குப் பகற்பொழுது மிக நீண்டதாகத் தோன்றுவதுண்டு. அன்பின் மிகுதியால் வீட்டார் எல்லா வேலைகளையும் தாமே செய்துவிடுகின்றனர். நோயாளிக்கோ, தம்மால் யாருக்கும் பயனில்லையே என்னும் எண்ணம் மெல்ல வேரூன்றுகிறது. அதற்கு மாற்றாக ஒரு செடியைப் பரிந்துரைக்க விரும்புகிறோம்.

1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவர்தம் முயற்சியால் 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் தொடங்கப்பெற்றது. அமர்ந்த இடத்திலிருந்தே அரும்பணி ஆற்றலாம் என்பதற்கு அவரே சான்று.

உரித்துச் சமைக்கும் பச்சைப் பட்டாணியை வளர்க்கப் பலரும் விரும்புவர். ஆனால், அது உதகை, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைகளுக்கு உரிய பயிர். வெப்பம் மிகுந்தால் பூக்கள் உதிர்ந்துவிடும். வேலூர் வெயிலைத் தாங்கி, பட்டாணியைப் போலவே உரித்துண்ணத் தருவது மொச்சை.

ஆடிப்பட்டத்தில் விதைக்க வேண்டும். அகன்ற தொட்டியில் செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் ஆகியவற்றைக் கலந்து நிரப்பி, ஓர் அங்குல ஆழத்தில் இரண்டு மூன்று விதைகளை ஊன்றுங்கள். ஒரு வாரத்தில் முளைக்கும். நாட்டுக் கொடிமொச்சை பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் பூக்கும். ஆகவே, கார்த்திகை வரை பொறுமை வேண்டும். தைப்பொங்கலுக்குக் காய் கிடைக்கும். பந்தலை நான்கடி உயரத்திலேயே நிறுத்தினால், சக்கர நாற்காலியில் இருப்பவரும் தம் கையாலேயே பறிக்கலாம்.

நீரில் கவனம் தேவை. தோல் பதனிடும் தொழிலின் கழிவுநீரால் இப்பகுதியில் மண்ணும் நிலத்தடி நீரும் கெட்டதை 1996-ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் தன் தீர்ப்பில் எடுத்துரைத்தது. உப்பு நீர் மொச்சைக்கு ஆகாது, இலையோரம் கருகும். தோல் தொழிற்சாலைகளை அடுத்துள்ள மண்ணையும் கிணற்று நீரையும் தவிர்த்து, சேமித்த மழைநீரையோ குடிநீரையோ ஊற்றுங்கள்.

அறுவடைக்குப் பின்னரே நோயாளியின் முதன்மையான பணி தொடங்குகிறது. மடியில் முறத்தை வைத்து, கட்டைவிரலால் தோலைப் பிளந்து, மணிகளை ஒவ்வொன்றாக எடுப்பது, பக்கவாதத்தால் தளர்ந்த விரல்களுக்கு நல்ல பயிற்சி. பலவீனமான கையையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். நேரமானால் ஆகட்டும், வீட்டார் இடையில் பிடுங்கி உரித்துவிட வேண்டாம்.

சில எச்சரிக்கைகளையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நீரிழிவினாலோ தொழுநோயினாலோ கைகளில் உணர்ச்சி குறைந்தோர் மண்வேலைக்குக் கையுறை அணிக. வேலை முடிந்தபின் விரல்களில் காயம் உண்டா எனக் கண்ணால் பார்த்தறிக. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போரும் உறுப்பு மாற்றம் பெற்றோரும் மருத்துவரைக் கேளாமல் மண்ணைத் தொடலாகாது. மொச்சையில் பொட்டாசியம் மிகுதியாதலால், சிறுநீரக நோயாளிகள் உணவு ஆலோசகரிடம் அளவு கேட்டு உண்க. எவரும் பச்சையாக உண்ணல் ஆகாது. உலர்ந்த மொச்சையை ஊறவைத்து, வேகவைத்த நீரை வடித்துவிடுங்கள்.

பொங்கலன்று இலையில் விழும் மொச்சைக் குழம்பு, நோயுற்றவர் தம் கையால் வளர்த்து உரித்துத் தந்ததாக இருக்கட்டும். அன்று வீட்டாருக்குப் பரிமாறும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.