அம்மோனியா ஆலையின் மடைகள்

நம் சங்கக் கிடங்குகளில் அடுக்கி வைத்திருக்கும் யூரியா மூட்டைகளின் பூர்வீகம் அம்மோனியா வாயுவேயாகும். 1967-ஆம் ஆண்டில் பதிவான இஃப்கோ என்னும் கூட்டுறவு நிறுவனம், குஜராத்தில் கலோலிலும், உத்தரப் பிரதேசத்தில் பூல்பூர், ஆன்லா ஆகிய ஊர்களிலும் அம்மோனியாவும் யூரியாவும் உற்பத்தி செய்து வருகிறது. ஆகவே அம்மோனியா ஆலையின் விஷயம் கூட்டுறவாளராகிய நமக்கு அந்நியமன்று.

காற்றில் நைட்ரஜன் 78 சதவிகிதம் உள்ளது. அதனுடன் மும்மடங்கு ஹைட்ரஜனைச் சேர்த்து, கடும் அழுத்தத்தில், சுமார் 400 முதல் 500 டிகிரி உஷ்ணத்தில், இரும்பு வினையூக்கியின் மீது செலுத்தினால் அம்மோனியா உண்டாகிறது. 1909-இல் ஜெர்மானிய விஞ்ஞானி ஃபிரிட்ஸ் ஹேபர் இதைச் சோதனைச் சாலையில் செய்து காட்டினார். ஆலையாக எழுப்பியவர் கார்ல் போஷ். 1913-இல் ஓப்பாவில் முதல் ஆலை ஓடத் தொடங்குமுன் எஃகுக் குழாய்கள் வெடித்தன. அத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் வால்வுகள் கடைகளில் கிடைக்கவில்லை. பலவற்றை அவர்களே செய்துகொள்ள நேர்ந்தது.

வால்வு என்பது மடையே. ஆனால் வயலில் நாம் கையால் திறக்கும் மடையன்று. அளவுமானி அறிவிப்பதற்கேற்ப, காற்றழுத்தத்தால், தானே சிறிது திறந்தும் சிறிது மூடியும் நிற்பது. ஓர் ஆலையில் இத்தகையவை நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றுள் ஒன்றை மட்டும் விரிவாகக் கூற விரும்புகிறேன்.

வினைக்கலத்தில் ஒரு சுற்றுக்கு வாயுவின் சிறு பகுதியே அம்மோனியாவாகிறது. அதைக் குளிர்வித்துத் திரவமாக்கி ஒரு பாத்திரத்தில் பிரித்தெடுத்து, எஞ்சிய வாயுவை மீண்டும் சுற்றுக்கு அனுப்புகின்றனர். அப்பாத்திரத்தில் அழுத்தம் காற்று மண்டலத்தைப்போல் ஏறத்தாழ 150 மடங்கு. திரவம் சென்று விழும் அடுத்த பாத்திரத்திலோ அதில் சிறு பங்குதான். (ஆலைக்கு ஆலை இது மாறும்.) இரண்டிற்கும் இடையே காவல் நிற்பது ஒரே வால்வு. அது அதிகம் மூடினால் திரவம் உயர்ந்து, வாயுவோடு கலந்து கம்பிரஸருக்குச் சென்று அதை நாசமாக்கும். அதிகம் திறந்தாலோ திரவம் வடிந்து தீர்ந்து, அழுத்தம் மிகுந்த வாயு பின்னாலேயே பாய்ந்து, அவ்வளவைத் தாங்காத அடுத்த பாத்திரத்தை உடைக்கக்கூடும். அப்போது வெளிப்படும் அம்மோனியா கண்ணையும் நுரையீரலையும் எரித்து, அருகிலிருப்போரின் உயிரையே பறிக்க வல்லது.

காற்றே நின்றுபோனால் என் செய்வது? அதற்கும் முன்கூட்டியே ஏற்பாடு உண்டு. ஊடை நூல் அறுந்தால் தானே நின்றுவிடும் விசைத்தறியை நம் நெசவாளர் அறிவர். அதுபோல, காற்று அற்றவுடன் உள்ளிருக்கும் ஸ்பிரிங் இவ்வால்வை இறுக மூடிவிடும். ஆலைக்குள் எரிவாயு வரும் வால்வும் மூடிக்கொள்ளும். நீராவி குறைந்த நேரத்தில் எரிவாயு மட்டும் தொடர்ந்தால் நிக்கல் வினையூக்கியின் மேல் கரி படிந்துவிடும். கம்பிரஸரைக் காக்கும் வால்வோ இதற்கு நேர்மாறாகத் திறந்துகொள்ளும், அதுவும் ஓரிரு விநாடிகளில். எது மூட வேண்டும், எது திறக்க வேண்டும் என்பதை ஆலை கட்டுமுன்பே காகிதத்தில் தீர்மானித்து விடுகின்றனர். கணக்குகளைத் தணிக்கை செய்தே பழகிய எனக்கு, இவ்வியந்திரங்களுள் மிகவும் பிடித்தது இந்தத் தீர்மானந்தான். பெட்டிச் சாவி தொலைந்த பிறகு யோசனை செய்யும் சங்கங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

முன் சொன்ன வால்வுக்கு ஆயுள் குறைவு. அழுத்தம் திடீரெனத் தணிவதால், திரவத்தில் கரைந்திருந்த வாயு குமிழியிட்டுக் கிளம்பி உலோகத்தை அரித்துத் தின்னும். டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடினப் பொருளைப் பொருத்தினும் தேய்மானம் முற்றிலும் நீங்குவதில்லை. ஆகவே பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலத்தில் அதைக் கழற்றி, அடைப்பானையும் அது அமரும் வளையத்தையும் விளக்கொளியில் ஆராய்ந்து, பழுதானதை மாற்றுகின்றனர். மீண்டும் பொருத்திய பின், காற்றுக் குழாயை வேண்டுமென்றே விலக்கி, வால்வு தானே மூடுகிறதா என்று பார்த்த பிறகே ஆலைக்குள் வாயுவை விடுகின்றனர்.