வீடும் வேலையும் ஒரே கூரையின் கீழ்

லண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள ஸட்டன் வட்டாரத்தில், 2002-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பெட்ஸெட் என்னும் குடியிருப்பைப் பற்றி நம் வாசகர்கள் அறிதல் நலம். பில் டன்ஸ்டர் என்னும் கட்டடச் சிற்பி வகுத்த இதில் சுமார் 100 வீடுகளும், அவற்றை ஒட்டியே தொழிற்கூடங்களும் அமைந்துள்ளன.

யுக்தி எளியதே. வீடுகள் தெற்கு நோக்கியவை. குளிர் நாட்டில் வெயில்தானே செல்வம்! கண்ணாடி முகப்பின் வழியே புகும் வெப்பம் கனத்த சுவரிலும் தரையிலும் தங்கி, இரவில் வீட்டாரைக் காக்கிறது. தொழிற்கூடங்களோ வடபுறத்தில், வீடுகளின் நிழலில். மனிதர்களும் யந்திரங்களும் நிறைந்த அறையில் வெப்பம் தானே உண்டாகிவிடும். அங்கே வேண்டுவது சீரான வெளிச்சம் மட்டுமே. அக்கூடத்தின் மேல்தளமே வீட்டாருக்குத் தோட்டமுமாகிறது. ஒரே மனையை இருமுறை பயன்படுத்தும் இந்தச் சிக்கனத்தை நாம் பெரிதும் மெச்சுகிறோம். கூரைமேல் நிற்கும் வர்ணக் கூண்டுகள் காற்றடிக்கும் திசைக்கேற்பத் திரும்பி, வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு ஏற்றித் தருகின்றன.

எல்லாம் பலித்தது என்று சொல்வதற்கில்லை. மரச் சில்லுகளிலிருந்து மின்சாரமும் வெந்நீரும் தர வேண்டிய யந்திரம் அடிக்கடி பழுதுபட்டு, சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டது. அதன் வேலையை எரிவாயுக் கொதிகலன்கள் ஏற்றன. புகைக்கரியை ஒழிக்கப் புறப்பட்டவர்களுக்கு இது இழுக்குத்தான். அந்தக் கனத்த சுவர்களுக்கோ மெக்கானிக் எவரும் தேவைப்படவில்லை.