வீடு போனது சரி, பள்ளிக்கூடமுமா போக வேண்டும்?



உலு யாமில் இந்த அங்கத்தைப் பதிவு செய்யும் முன் ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: “ஏம்மா, போரு, வறட்சின்னு பேசப் போறீங்களாமே, நம்ம தோட்டத்துல குண்டா விழுந்துச்சு?”

விழவில்லைதான். ஆனால் அவர் பிறந்த லயன் வீடு இன்று இல்லை. அவர் படித்த பள்ளியும் அந்த இடத்தில் இல்லை. போருக்குப் பயந்து ஓடிய பிள்ளைக்கும், தோட்டம் விற்கப்பட்டு வெளியேறிய பிள்ளைக்கும் ஒரே இடத்தில்தான் கால் தடுக்குகிறது. அது புதுப் பள்ளியின் வாசல்.

முதலில் வன்னிக்குப் போய் வருவோம். 2009 மே மாதம் இலங்கையில் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று லட்சம் தமிழர்கள் வவுனியா பகுதி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாமே மிகப் பெரியது. அதன் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்கள். உள்ளே தார்ப்பாய்க் கூடாரங்கள், வெளியே முள்வேலி. அங்கிருந்த பிள்ளைகள் மாதக்கணக்கில் பள்ளியைப் பார்க்காதவர்கள். இருந்தும் அதே ஆண்டு ஆகஸ்டில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தேர்வையும் உயர்தரத் தேர்வையும் முகாமுக்குள்ளேயே எழுதினார்கள்.

இது எப்படி முடிந்தது? ஆசிரியர்களும் அகதிகளாக அதே முகாமில் இருந்தார்கள். பிள்ளை போன இடத்தில் ஆசிரியரும் இருந்ததால் கூடாரத்திலும் வகுப்பு நடந்தது. தேர்வுத் தேதி கண்முன் இருந்ததால் படிக்க ஒரு காரணமும் இருந்தது. பத்திரத்தைக் கொண்டு வந்தால்தான் இடம் என்று ஒவ்வொருவரிடமும் பிடிவாதம் பிடித்திருந்தால், உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் எங்கே போவார்கள்? முள்வேலிக்குள் நடந்த தேர்வைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஓர் ஆண்டு வீணாகவில்லை.

வறட்சியின் கதை வேறு. மழை பொய்த்தால் குடும்பம் கூலி தேடி ஊர் ஊராகப் போகும், பிள்ளையும் கூடவே போகும். பள்ளியில் ஒரு வேளைச் சோறு உறுதி என்றால், பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போகத் தாய்க்குத் தைரியம் வரும். காமராசர் 1956-இல் தொடங்கி வைத்த மதிய உணவின் சூட்சுமம் அதுதான். 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர உத்தரவிட்டது. 2004-இல் இன்னும் ஒரு படி மேலே போய், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் அந்த உணவைத் தரச் சொன்னது. விடுமுறையில் பசிக்காதா என்ன!

இனி நம் கதைக்கு வருவோம். 1957-இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை 520-க்குச் சற்று மேல். அந்தக் காலத்தில் பள்ளியைத் தோட்ட நிர்வாகம் நடத்தியது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் புறம்போக்குக் குடிசைகளுக்கும் சிதறின. வன்னியில் நடந்ததற்கு நேர் எதிராக, இங்கே ஆசிரியரும் கட்டடமும் செம்பனைக்கு நடுவே நின்றுவிட, பிள்ளை மட்டும் நகர்ந்தது. அப்பா லாரியில், அம்மா தொழிற்சாலை ஷிப்டில். யார் கொண்டுபோய் விடுவது? “இந்த வருசம் போகட்டும்” என்று சொல்லிப் போன பிள்ளைகள் பலர் திரும்பி வரவேயில்லை.

அடுத்த சிக்கல் பத்திரம். கோயிலில் தாலி கட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். 1982 மார்ச் முதல், பதியாத திருமணம் சட்டப்படி செல்லாது. அப்படிப் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான் கணக்கு. தாய்க்கு அது இல்லையென்றால், அப்பா நீல அடையாளக் கார்டு வைத்திருந்தும் பிள்ளை நாடற்ற பிள்ளையாகிவிடும். 2003 முதல் ஆறாண்டுத் தொடக்கக் கல்வி கட்டாயம். குடிமகனான பெற்றோர் பிள்ளையை அனுப்பாவிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. ஆனால், அனுப்பத் துடிக்கும் பெற்றோரைப் பத்திரம் இல்லையென்று திருப்பி அனுப்பிய காலமும் இருந்தது. 2019 முதல் கல்வி அமைச்சு விதியைத் தளர்த்தியது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, பத்திரம் எடுக்க அவகாசம் தர வேண்டும். இது தெரியாமல் வீட்டிலேயே பிள்ளையை வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் தயங்கினால் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போங்கள். கையில் இருப்பது எதுவானாலும், மருத்துவமனைச் சீட்டாயிருந்தாலும், எடுத்துக்கொண்டு போங்கள்.

பதிவு முடிந்து கேமராவை மூட்டை கட்டும்போது அந்தப் பெரியவர் மறுபடி வந்தார். இம்முறை கேள்வி மெதுவாக வந்தது. “என் பேத்திக்கு எட்டு வயசாச்சும்மா. இன்னும் சேர்க்கல. இப்பக் கூட்டிட்டுப் போனா எடுத்துக்குவாங்களா?”

அவள் அப்பாவின் அடையாளக் கார்டு எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.