பாய்வள்ளப் பந்தயத்தில் 35ஆம் இடம்

2021ஆம் ஆண்டு யப்பானில் நடைபெற்ற ஒலிம்பிக் விழாவில் இந்தியப் பாய்வள்ள வீரர் நால்வர் கலந்துகொண்டனர். லேசர் ரேடியல் என்னும் ஒருவர் செலுத்தும் வள்ளத்திலே சென்னை மங்கை நேத்ரா குமணன் 44 பேருள் 35ஆம் இடம் பெற்றார். இராணுவ வீரர் விஷ்ணு சரவணன் ஆண்களுக்குரிய லேசர் வகையில் 35 பேருள் 20ஆம் இடம். கணபதி, வருண் தக்கர் என்னும் சென்னை இளைஞர் இருவரும் ஒரே வள்ளத்தேறி, 19 இணைகளுள் 17ஆவதாக வந்தனர்.

பதக்கப் பட்டியலை மட்டும் பார்ப்பவர், போனார்கள், தோற்றார்கள் என்று கூறி முடித்துவிடுவர். ஆனால் இதே நேத்ரா 2020 சனவரியில் மயாமி நகரில் நடந்த உலகக்கிண்ணப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்று வெண்கலப் பதக்கம் பெற்றவர். ஒன்றரை ஆண்டில் திறமை கரைந்தோ போயிற்று? இல்லை. இப்பந்தயத்தின் கணக்கை அறிந்தாலன்றி இவ்விடங்களின் பொருள் விளங்காது.

பாய்வள்ளப் பந்தயம் ஒரே ஓட்டத்தில் முடிவதன்று. லேசர் வகைகளிற் பல நாட்களில் பத்து ஓட்டங்கள் வரை நடைபெறும். முதலாவதாக வருபவருக்கு ஒரு புள்ளி, இரண்டாமவருக்கு இரண்டு, நாற்பதாமவருக்கு நாற்பது. குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவர். பரீட்சைப் புள்ளிக்குப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகவே தோன்றும். மிக மோசமான ஓட்டமொன்றைக் கணக்கினின்று நீக்கிவிடுவர். தொடக்கக் கோட்டை நேரத்துக்கு முன் கடந்து, திரும்பி வந்து மீளத் தொடங்காதவர், 44 பேர் போட்டியிடுமிடத்து 45 புள்ளிகளைச் சுமக்க வேண்டும். ஆகவே ஒருநாள் முதலாவதாகவும் மறுநாள் நாற்பதாவதாகவும் வருபவரை, நாள்தோறும் பத்தாவதாக வருபவர் எளிதில் முந்திவிடுவார். முதற் பதின்மர் மட்டுமே இறுதி ஓட்டத்துக்குச் செல்வர். அதிற் புள்ளிகள் இருமடங்கு.

வள்ளங்களோ ஒரே அளவின. லேசர் வள்ளத்தின் நீளம் ஏறக்குறைய 4.2 மீற்றர். ஆதலின் குறையை வள்ளத்தின்மேல் ஏற்றவும் வழியில்லை. காற்றை நேரே எதிர்த்து எவ்வள்ளமும் செல்லாது. வலமும் இடமுமாக மாறிமாறிச் சரிந்தே முன்னேற வேண்டும். எப்போது திரும்புவது என்பதிலேதான் எல்லாம் அடங்கியுள்ளது. வலப்புறம் போனவருக்குக் காற்று வாய்த்துவிட்டால், இடப்புறம் போனவர் கணத்திற் பத்து வள்ளங்களுக்குப் பின்னாகிவிடுவார். வாடையும் சோளகமும் அறிந்த யாழ்ப்பாணக் கரையோர மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இந்தியா 1972 முதலே இப்பந்தயத்துக்கு ஆளனுப்பியதெனினும், ஒரே விழாவில் மூன்று பிரிவுகளில் இறங்கியது 2021இலேயே முதன்முறை. இந்தியப் பெண்களுள் ஒலிம்பிக்கிற் பாய்வள்ளம் செலுத்திய முதல்வரும் நேத்ராவே.

2024இல் பிரான்சு நாட்டின் மார்செய்த் துறைமுகத்தில் விஷ்ணுவும் நேத்ராவும் மீண்டும் இறங்கினர். காற்று அடங்கியதால் திட்டமிட்ட ஓட்டங்கள் யாவும் நிறைவேறவில்லை. விஷ்ணு 43 பேருள் 18ஆம் இடம். நேத்ராவும் 43 பேருள் 21ஆம் இடம். மூன்றாண்டுகளில் பதினான்கு படிகள்.